நீயும் நீங்களும்

— முதல்ல அந்த மைக்க மூடு. அப்புறந்தான் பேசுவேன்.

— மூடித்தான் இருக்கு சித்தி. நீங்க உக்காருங்க. பழைய பதிவு ஒண்ணக் கேக்கப் போறோம், அவ்வளவுதான்.

— லீவு நாளும் அதுவுமா ஆபீசுக்கு இழுத்துட்டு வந்து, என் குரலையே எனக்குப் போட்டுக் காட்டப் போறியா... நல்லாருக்கு.

— போன வருஷம் படிப்ப விடப்போறேன்னு போன்ல சொன்னேன்ல? அன்னிக்கு நீங்க திட்டினது. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கவான்னு கேட்டப்ப சரின்னீங்களே.

— ஐயோ, அதையா? நாலு பேரு கேப்பாங்களா?

— மிஷின்தான் கேக்கும். ரெண்டு பேர் பேசினா, அவங்க மனசுல என்ன இருக்கு, ஒருத்தருக்கு ஒருத்தர் என்ன உறவுன்னு அது கண்டுபிடிக்கணும். நாளைக்கு எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டணும்.

— சரி... என்னப் பத்தி என்ன சொல்லிச்சு?

— முதல்ல 'மரியாதை'ன்னு சொல்லிச்சு.

— மரியாதையா? அன்னிக்கு உன்ன வறுத்தெடுத்தேனே.

— "நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க, நாங்க சொன்னா கேப்பீங்களா"ன்னீங்க. அதுக்கு 'நீங்க'ன்னா மரியாதை. எப்பவும் நீ நீன்னு பேசறவங்க திடீர்னு நீங்கன்னா கோபம்னு நான்தான் உக்காந்து சொல்லிக் கொடுத்தேன்.

— அப்ப நீ என்ன எப்பவும் நீங்கங்கறியே, அது எந்தக் கோபத்துல சேத்தி?

— அது... பழக்கம் சித்தி.

— சும்மா கேட்டேன். மேல சொல்லு.

— கோபம் அதுக்குப் புரிஞ்சிடுச்சு. உறவுலதான் சிக்கல். சித்திங்கற வார்த்தைய எடுத்துட்டுத்தான் கேக்க விட்டேன். பேச்ச வெச்சே சொல்லணும்ல.

— இழுக்காத. யாருன்னுச்சு?

— ...அம்மாவும் மகளும்னு.

— தப்புன்னு போடு. உங்கப்பாவக் கட்டிட்டு வந்த அன்னிக்கே என்ன சித்தின்னு கூப்பிடச் சொன்னவ நான். அந்த இடம் உன்னப் பெத்தவளோடது. செத்துப் போயிட்டாங்கறதுக்காக நான் போய் உக்காந்துக்க மாட்டேன்.

— நீங்க எங்க உக்காந்தீங்க... அன்னிக்கு நீங்க திட்டலன்னா, நான் இந்த ரூமுக்குள்ளயே வந்திருக்க மாட்டேன். ஒருநாள்கூட அத உங்ககிட்ட சொன்னதில்ல.

— யாரு கேட்டா அதெல்லாம்? தப்புன்னு போட்டுட்டு வா, வீட்டுக்குப் போலாம்.

— நானா போட முடியாதே. எது சரின்னு பேசின ரெண்டு பேருந்தான் சொல்லணும். தனித்தனியா. நான் சொல்லிட்டேன்.

— என்னன்னு?

— அத உங்ககிட்ட சொல்லக்கூடாது.

— ...உன்னப் பெத்தவ வருத்தப்பட மாட்டாளா?

— மாட்டாங்க. உங்களுக்கு நன்றிதான் சொல்லுவாங்க.

— சின்னதுல உனக்குக் காய்ச்சல் அடிச்சப்ப, ஒருவாட்டி அம்மான்னு கூப்பிட்ட. அவளத் தேடறியோன்னு நெனச்சு நான் பதில் சொல்லல... உள்ளுக்குள்ள மட்டும் 'என்னடா'ன்னேன்.

— உங்களத்தான் கூப்பிட்டேன். சித்தி... நான் என்ன எழுதிக்கட்டும்?

— அம்மாவும் மகளும்னே எழுதிக்கோ. எனக்கே சொல்ல வாய் வராதத அது சொல்லிடுச்சே. கெட்டிக்கார மிஷின்தான்.

— அது எங்க சொல்லிச்சு? 'ஹாஸ்டல் வார்டனும் மாணவியும்'னுச்சு. தப்புன்னு நாளைக்கு எல்லார் முன்னாடியும் நான் ஒத்துக்கணும். அம்மான்னது நான்தான்... கண்ணத் தொடச்சுக்கோ. நீ அழுதா எனக்கும் வந்துடும்.