நாற்பது பேர் சேர்ந்த கோர்ஸ்

– அதை எடுத்துடுன்னு சொல்றேன்ல ஜாஸ்லின். இந்தக் காலத்துல எவனும் ரெஸ்யூம் அடியில "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுறதில்ல.

– உண்மைன்னு எழுதுறதுல உங்களுக்கு என்னங்க நஷ்டம்? பன்னண்டு வருஷமா தாலுக்கா ஆபீஸ் வாசல்ல டைப்பிங் கடை போட்டுருக்கேன். பூதலூர்ல என்கிட்ட ரெஸ்யூம் அடிக்காம வேலைக்குப் போனவன் கிடையாது. அந்தக் கடைசி வரி இல்லாம ஒண்ணுகூட வெளிய போனதில்ல.

– டெக்னிக்கலா பார்த்தா, அதனாலதான் பாதிப் பேரு திரும்பி வந்து உன் கடை வாசல்லயே நிக்கிறான்.

– அட என் சேசுவே! கொழுப்பைப் பாரு. டீ வேணுமா வேணாமா?

– வேணும். சீக்கிரம். நாலு மணிக்கு எனக்கு மீட்டிங்.

– உங்க சென்னைக் கம்பெனிக்காரன் மீட்டிங் போட்டே நெல்லு வெளைய வெச்சுடுவான் போலருக்கு. மேல இஸ்திரி போட்ட சட்டை, கீழ கைலி. இதையும் என் கோர்ஸ் பாடத்துல சேக்கப் போறேன். வீடியோ இன்டர்வியூ நடுவுல காலிங் பெல் அடிச்சா எந்திரிச்சுடாதீங்கன்னு.

– சேத்துக்க. பாடம் எடுக்க ஃபோனை எது மேல நிறுத்தி வெச்சிருக்க?

– இட்லிப் பானை மேல. மூடியைக் கவுத்துப் போட்டா ஆடாம நிக்குது. ஆறு பாடம் அதுலதான் எடுத்தேன், சிலதைத் திருத்தி மறுபடி எடுக்கணும்.

– ஆமா, கடைதான் இருக்கே. அங்கயே நாலு பேரை உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தா போதாதா? ஆன்லைன் கோர்ஸ் எதுக்கு?

– கடைக்கு வந்து "எனக்கு வேலை இல்ல"ன்னு சொல்லக் கூச்சப்படுறவங்க இருக்காங்கள்ல? அவங்க வீட்டுலயே கதவைச் சாத்திக்கிட்டுப் பாக்கலாம்.

– ம். அதுவும் சரிதான். எத்தனை பேரு சேந்துருக்காங்க?

– நாப்பது.

– நாப்பதா! பரவால்லையே. ஊருல இவ்ளோ பேரா சும்மா உக்காந்துருக்கான்?

– உக்காந்துருக்கான், உக்காந்துருக்கான். சரி, ரெண்டாம் பாடத்துக்கு ஒரு கதை வெச்சிருக்கேன், நல்லாருக்கான்னு சொல்லுங்க. நம்ம வீரையன் மாமா மகன் மதிவாணன் இருக்கான்ல? ஒரே நாள்ல கல்யாண பயோடேட்டா ஒண்ணு, வேலைக்கு ரெஸ்யூம் ஒண்ணு, ரெண்டும் என்கிட்டதான் அடிச்சான். ரெண்டையும் கவர் மாத்திப் போட்டுட்டான்.

– அய்யய்யோ.

– திருச்சி ஃபேக்டரிக்குப் போனது எது? மக நட்சத்திரம், மாநிறம், நஞ்சை மூணு ஏக்கரு, தங்கச்சி கல்யாணம் ஆயிடுச்சு, எதிர்பார்ப்பு குடும்பப் பாங்கான பொண்ணு. ஃபேக்டரி மேனேஜரு போன் போட்டு, "தம்பி, எங்ககிட்ட வெல்டிங் வேலைதாம்பா இருக்கு"ன்னுருக்காரு.

– பொண்ணு வீட்டுக்கு?

– அங்க ரெஸ்யூம் போச்சு. அதுல "எந்த ஊருக்கும் இடம் பெயரத் தயார்"னு போட்டுருந்தான். பொண்ணோட அப்பா வீட்டோட மாப்பிள்ளைக்கு ஒத்துக்கிட்டான்னு நெனச்சு மறுநாளே தட்டைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு. இப்ப அவன் திருவாரூர்ல மாமனார் வீட்டுல இருக்கான். சந்தோஷமாத்தான் இருக்கான்.

– இதுலேருந்து பசங்களுக்கு என்னா நீதி?

– அனுப்புறதுக்கு முன்னாடி கவருக்குள்ள ஒரு தடவை எட்டிப் பாருங்கடான்னு. நாலாம் பாடத்துலதான் எனக்கு உங்க ஒத்தாசை வேணும். "ரெஸ்யூமில் இடைவெளி." எட்டு மாசம் வேலை இல்லாம இருந்தா அதை எப்படி எழுதுறது?

– ஏன் எட்டு?

– சும்மா ஒரு பேச்சுக்கு. ஆறுன்னு வெச்சுக்குவோமா?

– வேணாம். எட்டே இருக்கட்டும். என்னா பண்ணணும்னா, மாசத்தையே போடக் கூடாது, வருஷத்தை மட்டும் போடணும். அப்பவும் கேப்பான். போன்ல பேசுற பொண்ணு ரொம்பத் தன்மையா கேக்கும், "தற்போது எங்கே பணியாற்றுகிறீர்கள் சார்?"னு. அந்தத் தன்மைதான் ஆளைக் கொல்லும். அங்க தொண்டையைச் செருமக் கூடாது. செருமுனா முடிஞ்சுது.

– என்னங்க, நேர்ல பாத்த மாதிரி சொல்றீங்க.

– அது... எங்க டீம்ல ஆள் எடுக்கிறோம்ல. இன்டர்வியூ பண்ணிப் பண்ணிப் பழக்கம்.

– ஓ. நீங்க கேக்குற பக்கம் உக்காந்துருப்பீங்க.

– டெக்னிக்கலா பார்த்தா ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். இடைவெளிங்கிறதை நெலம் மாதிரி சொல்லணும் ஜாஸு. சம்பா அறுத்தாச்சு, அடுத்த தண்ணி வர்ற வரைக்கும் வயலு சும்மா கெடக்கு. அது வயலோட குத்தமா?

– எந்த வயலுங்க சும்மா கெடக்கு? நம்ம பக்கம் அறுப்புக்கு ஒரு வாரம் முந்தியே, நெல்லு நிக்கும்போதே உளுந்து தெளிச்சுட மாட்டோம்? நெல்லை அறுத்துக் கரையேத்துறப்ப கீழ உளுந்து மொளைச்சு நிக்கும். அப்படித்தான் எழுதியிருக்கேன். ஒரு வேலை கையில இருக்கும்போதே அடுத்ததைத் தெளிச்சு வெய்யிங்கன்னு.

– இதை முன்னாடியே யாராச்சும் சொல்லியிருக்கலாம்.

– யாருக்கு?

– பசங்களுக்குத்தான். வேற யாருக்கு? டீ எங்க?

– கையில வெச்சிருக்கீங்க. சரி, அஞ்சாம் பாடம், வேலை இல்லைன்னு வர்ற மெயிலு. அது எப்படி இருக்கும்? நான் பாத்ததில்ல. மாதிரிக்கு ரெண்டு வரி சொல்லுங்க.

– "தாங்கள் எங்கள் நிறுவனத்தின் மீது காட்டிய ஆர்வத்துக்கு நன்றி. தங்கள் தகுதிகள் எங்களைக் கவர்ந்தன. எனினும் இம்முறை வேறு சிலருடன் முன்செல்ல முடிவெடுத்துள்ளோம். தங்கள் விவரங்களைப் பத்திரமாக வைத்திருப்போம். வருங்காலத்துக்கு வாழ்த்துகள்."

– அட என் சேசுவே! பூசையில விசுவாசப் பிரமாணம் சொல்ற மாதிரி மூச்சு விடாம சொல்றீங்க.

– அதுல "பத்திரமாக வைத்திருப்போம்"னு வருது பாரு, அதுதான் பெரிய பொய். ஒருத்தனும் வெச்சிருக்க மாட்டான். ராத்திரியில இல்ல, சனிக்கிழமையில இல்ல, கரெக்டா சோத்துல கை வெக்கிறப்ப அனுப்புவான்.

– அதான் மத்தியானம் பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போறீங்களா?

– என்னது?

– இல்ல, இந்தப் பசங்களைச் சொன்னேன். பாதிச் சோத்துல எந்திரிச்சுடுவாங்கள்ல, பாவம்.

– ஆமா. பாவம். சரி, நான் மேல போறேன். நாலாவப் போவுது.

– ஒரே ஒரு உதவிங்க. ஏழாம் பாடம் மட்டும் ரெக்கார்ட் பண்ணலை. என் கொரலு கட்டிக் கெடக்கு. நீங்கதான் ஞாயித்துக்கிழமை பூசையில வாசகம் வாசிக்கிற ஆளாச்சே. இந்தத் தாளைப் பாத்து வாசிச்சுடுங்க. ரெண்டு நிமிஷம்.

– இப்பவா? மீட்டிங்...

– கம்பெனி காத்திருக்கும். கைலி தெரியாது, மார்பு வரைக்கும்தான் எடுக்குறேன். இட்லிப் பானையைப் பாருங்க. ம், ஆரம்பிங்க.

– "வணக்கம். பாடம் ஏழு. வேலை தேடுகிறவர் செய்யும் ஆகப் பெரிய தவறு." தலைப்பு நல்லாருக்கு. "வேலை போன செய்தி வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று சிலர் நினைப்பார்கள். லேப்டாப் ரிப்பேர் என்று வீட்டில் சொல்லிவிட்டு, ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ரயிலேறி, தஞ்சாவூரில் இறங்காமல் நீடாமங்கலம் வரை..."

– ஏன் நிறுத்திட்டீங்க? ரெக்கார்ட் ஆவுது.

– "...நீடாமங்கலம் வரை போய், அங்கே அந்தோணியார் கோயிலில் வேலை கிடைக்க வேண்டிக்கொள்ளச் சொல்லி ஒரு பூசைக் கருத்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். ரெஸ்யூம் எழுதி எழுதிப் பழகிய கை அல்லவா? அந்தச் சீட்டிலும் முழுப்பெயர், தெருப்பெயர், ஊர்ப்பெயர் எல்லாம் தெளிவாக எழுதிவிடுவார்கள். பூசை தொடங்கும் முன்னால் சாமியார் அந்தச் சீட்டை மைக்கில் வாசிப்பார் என்பதை மட்டும் மறந்துவிடுவார்கள்."

– ம். மேல படிங்க.

– ஜாஸு.

– சொல்லுங்க.

– யாரு சொன்னா?

– செபஸ்தியம்மா சித்தி. தங்கச்சி பேரனுக்கு ஞானஸ்நானம்னு அங்க போயிருக்காங்க. "பூதலூர் ரயிலடித் தெரு குழந்தைராஜுக்கு வேலை கிடைக்க வேண்டி"ன்னு சாமியார் ரெண்டு தடவை வாசிச்சாராம். வந்து எறங்குனதும் நேரா கடைக்கு வந்துட்டாங்க. "ஏன்டி, உன் புருஷன் பேருல உங்க தெருவுல இன்னொரு ஆளு இருக்கானா?"ன்னு.

– நீ என்னா சொன்ன?

– இருக்காருன்னேன். ரொம்ப நல்ல மனுஷன், பாவம், வேலை இல்லாம இருக்காரு, நீங்களும் வேண்டிக்கங்கன்னேன்.

– சாமியார் வாசிச்சதைப் பூசையில நின்னு நானும் கேட்டேன். முன்னாடி வரிசையில நம்ம ஊரு ஆளு இருக்குன்னு தெரியாது. அந்தோணியாருக்கு மட்டும் அட்ரஸ் தெரிஞ்சா போதும்னு நெனச்சேன்.

– அட்ரஸ் இல்லாட்டி அந்தோணியாரு வேற குழந்தைராஜுக்குக் குடுத்துடுவாராக்கும்?

– சிரிக்காத ஜாஸு. வெக்கமா இருந்துச்சு. பொங்கலுக்கு முன்னாடியே அனுப்பிட்டான். அந்த செட்டில்மெண்டுலதான் ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஊருக்கெல்லாம் நீ வேலைக்கு ரெஸ்யூம் அடிச்சுக் குடுக்குற. உன் புருஷன் சும்மா கெடக்கான்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? தெனமும் குளிச்சு, சட்டை மாட்டிக்கிட்டு மாடிக்குப் போனேன்.

– தெரியும். மேலேருந்து உங்க சத்தம் மட்டும்தான் வரும். பதிலுக்கு யாரும் பேச மாட்டாங்க. கம்பெனி மீட்டிங்னுதான் மொதல்ல நெனச்சேன். ஒரு நாள் துணி காயப் போட மேல வந்தேன். "எனது பலம், விடாமுயற்சி"ன்னு சொவத்தைப் பாத்துச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க. கீழ எறங்கி வந்து அடுப்படியில உக்காந்து அழுதேன்.

– அப்ப அன்னிக்கே கேட்டுருக்கலாம்ல?

– கேட்டா இன்னொரு பொய் சொல்லுவீங்க. ஏற்கெனவே சொன்ன பொய்யைச் சொமந்தே ஆளு பாதியா எளைச்சுட்டீங்க. சட்டையெல்லாம் தொளதொளன்னு கெடக்கு. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லலை. அப்பதான் இட்லிப் பானை மூடியைக் கவுத்தேன்.

– இரு, இரு. கோர்ஸை வெளிய விடப் போற. அந்த நாப்பது பேரும் இந்த ஏழாம் பாடத்தைக் கேட்டா என் மானம் என்னாவுறது?

– நாப்பது பேரா? வீட்டுல நீங்க மட்டும்தான் பொய் சொல்லணும்னு சட்டம் இருக்கா?

– அப்ப எத்தனை பேருதான் சேந்துருக்காங்க?

– ஒருத்தருங்க. எட்டு மாசமா மாடியில கதவைச் சாத்திக்கிட்டு மீட்டிங்ல இருக்காரு.