இவ இன்னும் தயாராகலையாம்!

...எட்டு மாசமாம் சார்! எட்டு மாசத்துலயே பாப்பாவுக்கு டாய்லெட் பழக்கியிருக்கணுமாம்! என் மாமியார் சொல்றாங்க. அவங்க பெத்த மூணும் பல்லு மொளைக்கிறதுக்கு முன்னாடியே பாத்ரூமுக்கு வழி கண்டுபிடிச்சுருச்சாம். எப்படிக் காதுல பூ சுத்துறாங்க பாருங்க. ...தலைய ஆட்டாதீங்க சார், கத்திரி காதுக்கிட்ட இருக்கு.

என் வீட்டுக்காரி கட்சியே வேற. ஃபோன்ல என்னமோ படிச்சுட்டா. புள்ளைய வற்புறுத்தக் கூடாதாம், அதுவா சைகை காட்டுமாம், அப்புறம்தான் ஆரம்பிக்கணுமாம். என்னடி சைகைன்னேன். டயாப்பர் ரெண்டு மணி நேரம் காஞ்சு கெடக்கணும், சொன்னாப் புரியணும், ஓரமாப் போய் ஒளிஞ்சுக்கணும்னா. அப்ப எனக்கே இப்பத்தான் ஆரம்பிக்கணும் போலன்னேன். அன்னைக்கு முழுக்க மொறைச்சா சார்!

பாப்பா! சார் கால்ல ஏறாதே! ...பரவால்லையா? மடியில வெச்சுக்கிறீங்களா? நல்ல மனசு சார் உங்களுக்கு. ரெண்டேகால் வயசு, மடியப் பாத்தா விடமாட்டா. ...டயாப்பரா? கடையில போடுறதில்ல சார். அது... அது ஒரு தனிக் கதை.

விஷயம் என்னன்னா, இவ அம்மாவுக்கு லேப்ல ரத்தம் எடுக்குற வேலை. ரெண்டு வருஷமா லீவு. திங்கக்கிழமை வந்துடுங்கன்னு கூப்ட்டுட்டாங்க. வெள்ளைக் கோட்டத் தொவைச்சு, அயர்ன் பண்ணி, கதவுல மாட்டியாச்சு. போறப்ப வர்றப்ப ஒரு தடவ தொட்டுப் பாத்துக்குறா, அவ்வளவு ஆசை! ஆனா ப்ளேஸ்கூல் மேடம் கறாராச் சொல்லிட்டாங்க, டயாப்பர் போட்ட புள்ளைய சேக்க மாட்டோம்னு.

சரின்னு வாத்து மாதிரி ஒரு குட்டி டாய்லெட் வாங்கியாந்தோம். நாலு நாளா அதுல ஒக்கார வெச்சு, பாட்டுப் பாடி, கதை சொல்லி, மாமியார் வேற கை தட்டி... மகாராணி அரை மணி நேரம் சமத்தா ஒக்காந்திருப்பா. ஒரு சொட்டு? ம்ஹூம்! எந்திரிச்சு, அடக்கி அடக்கி, முடியாதப்ப சோபா பின்னாடி போய்க் குளம் கட்டிருவா.

நேத்து என் வீட்டுக்காரி கண்ணத் தொடச்சுக்கிட்டே சொல்றா, "இவ இன்னும் தயாராகலங்க. இன்னும் ஆறு மாசம் வரலன்னு லேப்புல சொல்லிடுறேன்"னு. இன்னைக்கு மதியம் பேசப் போறா. ஆறு மாசம் எவன் சார் காத்திருப்பான்? வேற ஆளப் போட்டுருவாங்க.

...என்ன கேட்டீங்க? தலைக்கு ஏன் கிண்ணத்துல தண்ணியத் தொட்டுத் தொட்டுத் தடவுறேன்னா? ஸ்ப்ரே பாட்டில் இல்லையான்னா?

...இருக்கு சார். அந்தா, அலமாரி மேல. அதத்தான் கேக்காம இருப்பீங்கன்னு பாத்தேன்.

யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இவளுக்கு ஒன்றரை வயசுலயே நான் பழக்க ஆரம்பிச்சுட்டேன்! வீட்டுக்குத் தெரியாம! காலைல எப்பவும் என்கூடத்தான இருப்பா? ஒருநாள் ஒருத்தர் தலைக்கு ஸ்ப்ரே அடிக்கிறேன், ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்னு. இவ நின்ன எடத்துலயே உச்சா! மறுநாளும் அதே கதை. ஆகா, சிக்குனடின்னு பழைய டப்பா ஒண்ணுல ஒக்கார வெச்சு அடிச்சேன். டாண்ணு வந்துது சார்! வீட்டுல "ஆரம்பிக்கலாமா"ன்னு கேக்குற அன்னைக்கு ஜம்முன்னு செஞ்சு காட்டி, மாமியார மூக்குல வெரல வைக்க வெச்சிரலாம்னு கமுக்கமா இருந்தேன்.

இப்ப? அந்த சத்தம் இல்லாம சொன்ன எடத்துல வரமாட்டேங்குது. சத்தம் கேட்டா எந்த எடத்துலயும் வந்துருது! அதான் கிண்ணம். நாலு நாளா சொல்லிரலாம்னு வாயத் தெறக்குறேன், கடைசில காப்பி இருக்கான்னு கேட்டுட்டு வந்துடுறேன். ஒன்பது மாசமா மறைச்சிருக்கேன்ல?

...ஏன் சார் கண்ணாடியில அப்படிப் பாக்குறீங்க? ...இப்பவே சொல்லணுமா? ...சரி. மீசை ஒரு பக்கம்தான் முடிஞ்சிருக்கு, ஒரு நிமிஷம் இருங்க.

ஹலோ... லேப்புல பேசிட்டியா? இன்னும் பேசலையா? அப்பாடா! ...இல்ல, அது வந்து... திட்டக் கூடாது. பாப்பா தயாராத்தான் இருக்கா. நான்தான் கெடுத்து வெச்சிருக்கேன். நம்ம கடை ஸ்ப்ரே பாட்டில் இருக்குல்ல...

சார், சிரிக்கிறா சார்! இல்ல, அழுவுறா. ரெண்டும் சார்! ...என்னம்மா? வாத்துல ஒக்கார வெச்சு ஸ்ப்ரே அடிச்சு, நாளுக்கு நாள் சத்தத்தக் கொறைச்சுக்கிட்டே வந்தா போதுமா? அட, இது எனக்குத் தோணவே இல்லியே! ...என்னது? நம்ப மாட்டியா? வீடியோவுல இப்பவே அடிச்சுக் காட்டணுமா? சரி சரி, எடுக்குறேன். பாப்பா, அம்மாவப் பாரு... ஸ்ஸ்ஸ்...

சார்! புள்ளைய என் கையில திணிச்சுட்டு எங்க ஓடுறீங்க? கழுத்துல கட்டுன துணியக் கழட்டிட்டுப் போங்க சார்! மீசை...

...அய்யோ, என் சட்டை! ...பாத்தியாடி? பாத்தியா? வந்துருச்சு! திங்கக்கிழமை நீ வேலைக்குக் கெளம்பு!