பாதிரியம்மாவுக்குச் சுட்ட ரொட்டி

ஏலக்காய் ரொட்டி சுடுவதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம், போலீஸ் அம்மா. நான் ஆறாவதோடு நின்றவன். அடுப்பு அதையெல்லாம் கேட்பதில்லை. மாவு, வெண்ணெய், சர்க்கரை, இடித்த ஏலக்காய், அவ்வளவுதான். மாத்திரை இடிப்பதும் ஏலக்காய் இடிப்பது மாதிரிதான். அதே உரல் போதும்.

மாத்திரை என் நாய் முர்ரேவுடையது. கன்றுக்குட்டி அளவு நாய். புத்தாண்டு வெடிச்சத்தம் கேட்டால் சோபாவைத் தின்ன ஆரம்பித்துவிடும். அதை அடக்க மிருக வைத்தியர் எழுதிக்கொடுத்தார். எனக்கு இடுப்பு வலி. ஒருநாள் நானும் ஒன்று போட்டுப் பார்த்தேன், வலி போன இடம் தெரியவில்லை. அதிலிருந்து தினமும் காலையில் காப்பியோடு ஒன்று. முர்ரே செத்து இரண்டு வருடம் ஆகிறது. அதை வைத்தியரிடம் சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை. "முர்ரே எப்படி இருக்கான்?" என்று கேட்பார். "ரொம்ப அமைதியா இருக்கான்" என்பேன். அதில் பொய் கிடையாது.

மாத்திரை போட்டுக்கொண்டு நான் நன்றாகத்தான் வண்டி ஓட்டினேன். பஸ் நிறுத்தத்தை இடித்தது உண்மை. அதை ரோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் கட்டியிருந்தார்கள். அப்புறம் தள்ளிக் கட்டினார்கள். அங்கேயும் பக்கமாகத்தான் இருந்தது.

போன மாதக் கடைசியில் நகராட்சிக்காரர்கள் வந்து எங்கள் ஊர்க் கார்கள் எல்லாவற்றிலும் அந்தப் பெட்டியைப் பொருத்தினார்கள். பரிசோதனையாம், இலவசமாம். இலவசம் என்றால் ஸ்வீடனில் எந்த ஊர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது? உட்கார்ந்ததும் ஒரு சின்னக் கேமரா கண்ணைப் பார்க்கும். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் விரல் வியர்வையை மோப்பம் பிடிக்கும். உடம்பில் போதைச் சரக்கு எதுவும் இல்லையென்றால் பச்சை விளக்கு. இருந்தால் சிவப்பு, வண்டி கிளம்பாது. மூன்று தடவை சிவப்பு விழுந்தால் லைசென்ஸ் போய்விடும்.

எனக்கு இரண்டு தடவை விழுந்துவிட்டது. கடை நாற்பது கிலோமீட்டர். லைசென்ஸ் போனால் பக்கத்து வீட்டு ராக்ன்வால்டின் காரில்தான் போகவேண்டும். அவன் போகும்போது தன் மலச்சிக்கலைப் பற்றிப் பேசுவான். திரும்பும்போது அது சரியானதைப் பற்றி. இதற்கு நான் ஒத்துக்கொள்வேனா, நீங்களே சொல்லுங்கள்.

அதனால் யோசித்தேன். எனக்குச் சிவப்பு விழுந்தால் ஹில்டிங் கிழவன் ஏதோ போட்டிருக்கிறான் என்பார்கள். பாதிரியம்மா சோல்வெய்க்குக்குச் சிவப்பு விழுந்தால்? அவர் தலைவலிக்குக்கூட வெந்நீர்தான் குடிப்பவர். பெட்டிதான் கெட்டது என்று ஊரே பிடுங்கி எறியும். அவருக்கு ஆபத்தும் இல்லை. பெட்டி இருக்கிறதே, வண்டி கிளம்பாதே. அப்படியானால் பெட்டியை நம்பித்தான் செய்தாயா என்று கேட்காதீர்கள்.

டப்பாவில் மிச்சம் இருந்ததையெல்லாம் ஒரே ரொட்டியில் போட்டேன். அன்று காலை எனக்குக்கூட ஒரு மாத்திரை வைத்துக்கொள்ளவில்லை. அதுதான் இருப்பதிலேயே பெரிய ரொட்டி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சபைக் கூட்டத்துக்கு முன்னால் காப்பி. தட்டில் பெரியதைப் பாதிரியம்மா பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

அங்கேதான் கணக்குத் தப்பியது. பெரியதை எடுத்தால் பேராசைக்காரர் என்பார்கள் என்று பாதிரியம்மா சின்னதை எடுத்தார். எல்லோரும் சின்னதையே எடுத்தார்கள். கடைசியில் அது ஒன்றுதான் மிச்சம். தட்டில் கிடக்கும் கடைசி ரொட்டியை எங்கள் ஊரில் செத்தாலும் யாரும் முழுசாக எடுக்கமாட்டார்கள்.

"நீங்க எடுங்க ராக்ன்வால்ட்."

"ஐயோ எனக்கு வேண்டாம்மா, நீங்க எடுங்க."

"சரி, பாதி மட்டும்" என்று பாதிரியம்மா வெட்டினார்.

மீதிப் பாதியில் ராக்ன்வால்ட் பாதி எடுத்தான். அதன் மிச்சத்தில் பொருளாளர் பாதி. கத்தி கைமாறிக்கொண்டே போனது. கடைசியில் ஆர்கன் வாசிக்கும் ஏப்பா பாட்டி விரலை நனைத்துத் தூளைத் தொட்டு நக்கினாள். அவளுக்குத் தொண்ணூறு வயது, எடையும் கிட்டத்தட்ட அந்தத் தூள் அளவுதான். நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் லைசென்ஸ் போய்விடும். காப்பியை ஊதிக் குடித்தேன்.

கூட்டம் நன்றாக நடந்தது. கூரை பழுதுக்கு யார் பணம் கொடுப்பது என்று மூன்று வருடமாக அடித்துக்கொண்டவர்கள், அன்றைக்கு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். பொருளாளர் கூட்டல் கணக்கின் நடுவில் தூங்கிவிட்டார். ஏப்பா பாட்டி என் கையைப் பிடித்து, "உனக்கு அழகான காதுடா ஹில்டிங்" என்றாள்.

வெளியே வந்தோம். பாதிரியம்மா காருக்குச் சிவப்பு. ராக்ன்வால்டுக்குச் சிவப்பு. வரிசையாக எல்லாம் சிவப்பு.

"பெட்டிக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்றான் ராக்ன்வால்ட், தன் காரின் கூரைமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு.

"நாளைக்கே கழட்டச் சொல்றேன்" என்றார் பாதிரியம்மா. "பாவம் ஹில்டிங், உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டோமே."

என் வாழ்நாளில் கேட்ட நல்ல பிரசங்கம் அதுதான். அதோடு நான் நடந்தே வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். ராக்ன்வால்ட் விடவில்லை.

"உன் வண்டியையும் போட்டுக் காட்டுடா பெரிசு. அது சிவப்புக்குன்னே பொறந்த வண்டியாச்சே."

உட்கார்ந்தேன். கேமரா பார்த்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். பச்சை விழுந்தது. வண்டி இதுவரை இல்லாத அழகோடு கிளம்பியது.

பாதிரியம்மா என்னைப் பார்த்தார். பிறகு கையில் பிடித்திருந்த காலித் தட்டைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"நீங்க மட்டும் ரொட்டி சாப்பிடல இல்ல?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எனக்குச் சர்க்கரை ஆகாது" என்றேன். ஏப்பா பாட்டி மட்டும் சிரித்தாள். அவள் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் மறுநாளே எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். சந்தோஷம். நாய் மாத்திரை கொடுத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியைப் பற்றியும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குச் சிவப்பு காட்டிய இரண்டு நாளும் நான் மாத்திரை போட்டிருந்தேன். அவர்களுக்குச் சிவப்பு காட்டியபோது அவர்கள் தின்றிருந்தார்கள். எனக்குப் பச்சை காட்டியபோது நான் ஒன்றும் தின்னவில்லை. ஆனால் அதன் பேச்சைக் கேட்டு என் லைசென்ஸைப் பறிப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள். ஒரு தடவைகூடத் தப்புச் செய்யாதவனை இத்தனை வயதில் நான் பார்த்ததில்லை. அந்தப் பெட்டி எதையோ மறைக்கிறது.