லெப்டினன்ட் லூடெக்கேயின் தலைக்கவசம்

கூர்முனைத் தலைக்கவசத்தை அந்த முனையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. நேற்று உங்கள் இளம் காவலர் அப்படித்தான் தூக்கிக்கொண்டு போனார். ஐம்பது வருடத் தோல், அடியில் விரிசல் விட்டுவிடும். கைக்குழந்தையின் தலையைத் தாங்குவது மாதிரி இரண்டு கைகளாலும் விளிம்பைத் தாங்க வேண்டும். அவரிடம் சொல்லிவிடுங்கள், இன்ஸ்பெக்டர். கோபித்துக்கொள்ள வேண்டாம், தெரியாமல் செய்ததுதான்.

என் பெயர் ஏபர்ஹார்ட் சீவெர்ஸ். நிலப்பதிவு அலுவலகத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் கைசர் சக்கரவர்த்தி காலத்து வாள்களுக்கும் தலைக்கவசங்களுக்கும் உரியவர் யார் என்று தேடிக் கண்டுபிடிப்பேன். ஹனோவரிலிருந்தும் ஹாம்பர்க்கிலிருந்தும்கூடச் சேகரிப்பாளர்கள் என்னைத் தேடி வருவார்கள். காசு வாங்குவதில்லை. என் மனைவி இருந்தவரை, "செத்தவங்களுக்கெல்லாம் விலாசம் கண்டுபிடிக்கிற மனுஷனுக்கு நம்ம வீட்டு வாடகை தேதி மட்டும் ஞாபகம் இருக்காது" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் சொன்னது சரிதான்.

சாதாரணச் சிப்பாயின் தலைக்கவசம் அரசாங்கச் சொத்து. அதிலிருந்து ஆளைப் பிடிப்பது கடினம். அதிகாரிகள் சொந்தமாக வாங்கினார்கள். அங்கேதான் மனிதன் தெரிவான். பட்டு உள்ளுறையில் பெயரின் முதல் எழுத்துகள் இருக்கும், தைத்த கடையின் முத்திரை இருக்கும். வாளை எடுத்தால் கைப்பிடித் தோல் எந்த விரலடியில் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். நிறைய உள்ளுறைகளில் தலைக்குப் பூசிய எண்ணெயின் வாசனை இன்னும் போகவில்லை. அதை முகரும்போது எனக்கு வரும் சந்தோஷத்தை உங்களிடம் மறைக்க எனக்குக் காரணம் ஒன்றும் இல்லை.

உங்களுக்கு என் அப்பாவைப் பற்றியும் கேட்க வேண்டியிருக்கும். அவர் போரிலிருந்து திரும்பி வந்தவர். அது எங்கள் வீட்டுக்கு நல்லதாக அமையவில்லை. பதினாறு வருடம் சமையலறை மூலையில் உட்கார்ந்து குடித்தார். போதை ஏறினால் அம்மாவை அடித்தார், இறங்கினால் அழுதார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் அப்பா திரும்பி வரவில்லை. அந்த வீட்டுச் சுவரில் அவர் படம் இருந்தது, கீழே பூ இருந்தது. சின்ன வயதில் அந்த வீட்டுப் பிள்ளைகள்மீது எனக்கு அடங்காத பொறாமை.

சரி, லூடெக்கேயின் தலைக்கவசத்துக்கு வருகிறேன். பழைய போர்முனையான ஃபிளாண்டர்ஸில் ஒரு விவசாயியின் களஞ்சியத்திலிருந்து ஒரு வியாபாரி வழியாக அது என் கைக்கு வந்தது. இடது நெற்றிப்பொட்டுக்கு நேராகக் குண்டு துளைத்த ஓட்டை. உள்ளே எச். எல். என்ற எழுத்துகள், எங்கள் ஊர்த் தொப்பிக் கடை முத்திரை. அந்தப் படைப்பிரிவில் அந்த எழுத்துகளோடு மூன்று அதிகாரிகள் இருந்தார்கள். இரண்டு பேர் திரும்பி வந்தவர்கள். மூன்றாமவர் ஹார்ரோ லூடெக்கே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்காம் ஆண்டு இலையுதிர் காலத்தில் காணாமல் போனவர். உடல் கிடைக்கவில்லை. நெற்றியில் குண்டு பாய்ந்து அந்த இடத்திலேயே உயிர் துறந்தார் என்று எழுதினேன். உள்ளுறையில் ரத்தக் கறை இல்லைதான். இத்தனை வருடத்தில் வெளுத்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

அவருக்கு நிச்சயமான பெண் ஆல்வினே ஓல்கெர்ஸ். உங்களுக்கும் தெரிந்திருக்கும், ஊரில் பாதிப் பேருக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தவர். கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தலைக்கவசத்தைத் துணியில் சுற்றி அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஓட்டையைக் காட்டி, வலியே தெரிந்திருக்காது என்றேன். அந்த அம்மா வெகுநேரம் ஓட்டையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதுக்காக எவ்வளவு அலைஞ்சிருக்கீங்க, சீவெர்ஸ். காபி குடிக்கிறீங்களா?" என்றார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. இப்படிப்பட்ட பெண்கள் இனிப் பிறக்கப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

லூடெக்கேயின் வாள் அவருடைய தங்கை வீட்டுப் பரணில் கிடைத்தது. இரண்டையும் கோட்டை வாசல் மேலிருக்கும் காட்சி அறையில் சேர்த்து வைத்தேன். முன்னாள் வீரர் சங்கத்தின் அறை அது. சாவி என்னிடம்தான். ஒவ்வொரு நவம்பரிலும் போரில் மாண்டவர்களுக்கான ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் எல்லோரும் அங்கே கூடுவார்கள். பெயர்கள் வாசிக்கப்படும். லூடெக்கே பெயர் வரும்போது ஆல்வினே அம்மா எழுந்து வந்து தலைக்கவசத்தின்மேல் ஒரு கணம் கை வைப்பார். வாயாடிகள்கூட அப்போது வாயை மூடிவிடுவார்கள். என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியம் அந்த ஒரு கணம்தான்.

இந்த வருடம் அந்த நாள் போன ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் நான் காட்சிப் பெட்டிகளின் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. படியேறி ஒரு கிழவர் வந்தார். மாலுமிக் கோட்டு, கையில் ஒரு தகர டப்பா.

"தம்பி, உள்ள வரலாமா? சர்ச்சு முடியறவரைக்கும் எங்கயாவது ஒதுங்கணும். வெளிய குளிர் பிராணனை வாங்குது."

வரச் சொன்னேன். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு லூடெக்கேயின் தலைக்கவசத்தின் முன்னால் நின்றார். அதன் கீழே இருந்த விவரப் பலகையைப் படித்தார். படித்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார்.

"யாரு தம்பி என்னைச் சாகடிச்சது?"

"புரியலைங்க."

"பேரு என்னோடது. தொப்பி என்னோடது. சாவு மட்டும் யாரோடதுன்னு தெரியல."

எழுதியது நான்தான் என்றேன்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. நெத்தியில குண்டு, தாய்நாடு, அந்த இடத்துலயே. எங்கம்மா படிச்சிருந்தா ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பா."

"அப்ப இந்த ஓட்டை?"

"அது நாங்க பண்ண கூத்து. பதுங்குகுழியில பொழுது போகல. கம்புல மாட்டி மேல தூக்கினேன். அந்தப் பக்கம் எவனோ கெட்டிக்காரன், முதல் குண்டுலயே போட்டுட்டான். எல்லாரும் கைதட்டினோம். அப்புறம்தான் எனக்கு உறைச்சுது. ஹெல்மெட்டு போச்சு, தலை மிச்சம் இருக்கறப்பவே கிளம்பிடலாம்னு ஹாலந்துப் பக்கம் நடந்துட்டேன்."

"படையை விட்டுட்டா?"

"ஆமா. பயம் தம்பி. வேற என்ன?"

மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது போல அதைச் சொன்னார். எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் அருவருப்பினால் நான் எதையும் செய்யவில்லை, அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். முதலில் சரிபார்த்தேன். தொப்பிக் கடைக்காரரின் பெயர், தங்கையின் செல்லப் பெயர், அவருடைய குதிரைக்கு எந்தக் காலில் வெள்ளை என்றெல்லாம் கேட்டேன். எல்லாம் சரியாகச் சொன்னார். ஹாலந்துக் கடற்கரையில் சிப்பி வியாபாரம் செய்ததாகவும், மனைவி வசந்த காலத்தில் இறந்துவிட்டதாகவும் சொன்னார். டப்பாவில் அந்த ஊர் வெண்ணெய் மிட்டாய். எனக்கும் ஒன்று கொடுத்தார்.

"ஆல்வினேவுக்கு வாங்கினது. ஒண்ணு குறைஞ்சா கோச்சுக்க மாட்டா. அவளைப் பார்க்கத்தான் வந்திருக்கேன்."

அப்போதுதான் எனக்கு விஷயம் முழுதாக விளங்கியது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அந்த அம்மா படியேறி வருவார். ஐம்பது வருடமாக ஒரு வீரனுக்காகக் கன்னியாகவே இருந்தவர். அவர் முன்னால், பயந்து ஓடிப் போய் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு சிப்பி விற்ற ஒரு கிழவர் மிட்டாய் டப்பாவை நீட்டுவார். பலகையைத் திருத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பலகையைத் திருத்தலாம். அந்த அம்மாவின் ஐம்பது வருடத்தை யார் திருத்துவது? திரும்பி வந்து சமையலறை மூலையில் உட்காரும் மனிதன் ஒரு பெண்ணை என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும்.

போட்டுப் பாருங்களேன் என்று தலைக்கவசத்தைக் கொடுத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. இத்தனை வருட வேலையில், உரியவரின் தலையில் ஒரு தலைக்கவசத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கோ சிரிப்பு அடங்கவில்லை.

"இப்படியே போய் நின்னா ஆல்வினே விழுந்து விழுந்து சிரிப்பா. அவளுக்குத்தான்..."

"கொஞ்சம் அசையாம நில்லுங்க. தாடை வாரைச் சரிபண்றேன்."

காட்சிப் பெட்டியில் இருந்த கைத்துப்பாக்கி வேலை செய்யும் நிலையில்தான் இருந்தது. சங்கத்தில் அதை யாரிடமும் சொன்னதில்லை. கீழே சதுக்கத்தில் வாத்தியக் குழு முரசு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. துப்பாக்கியின் வாயை அந்த ஓட்டையில் பொருத்திச் சுட்டேன். எழுதியிருந்தபடியே நடந்தது. வலி தெரிந்திருக்காது. தலைக்கவசத்தின் வெளிப்புறத்தில் புதிதாக ஒரு கீறல்கூட விழவில்லை.

அவரைப் பின்னால் இருந்த சாமான் அறையில் படுக்க வைத்தேன். அவருடைய வாளையே மார்பின்மேல் வைத்தேன், அதிகாரிக்கு உரிய மரியாதை அது. தலைக்கவசத்தைக் கழுவித் துடைத்து அதன் இடத்தில் வைத்தேன். பெயர்கள் வாசிக்கப்பட்டன. ஆல்வினே அம்மா எழுந்து வந்து கை வைத்தார். உள்ளுறை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது, ஆனால் அவர் கை மேலே மட்டும்தான் பட்டது. இந்த வருடம் கன்னத்தில் சிவப்புச் சாயம் பூசியிருந்தார், அடிக்கடி வாசலைத் திரும்பிப் பார்த்தார். உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு சங்கத்தார் எல்லோரும் கீரையும் தொத்திறைச்சியும் சாப்பிடப் போனோம். நன்றாகச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வர வேண்டிய விருந்தாளியைக் காணோம் என்று மறுநாள் அந்த அம்மா உங்களிடம் வந்திருக்கிறார். இன்று காலை நீங்கள் எனக்குச் சொன்னதையும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். ஹார்ரோ உயிரோடு இருப்பது போர் முடிந்த வருடத்திலிருந்தே தனக்குத் தெரியும் என்கிறாராம். படையை விட்டு ஓடினவன் குடும்பம் என்று ஊர் அவன் அம்மாவை ஏசும் என்பதற்காக வாயைத் திறக்கவில்லையாம். அவர் மனைவி இறந்ததும் அவரை வரச் சொன்னதே தான்தானாம். அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கு மேஜை போட்டு வைத்திருந்தாராம். "அந்த சீவெர்ஸ் அவ்வளவு சந்தோஷமா ஹெல்மெட்டைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னாரு. பாவம், அவர்கிட்ட எப்படிச் சொல்றது?" என்று அழுதாராம்.

நீங்கள் அதை நம்புவதில் எனக்கு வருத்தம் இல்லை. எழுபது வயது ஆகிவிட்டது, அதிர்ச்சி வேறு. இந்த வயதில் நினைவும் ஆசையும் ஒன்றாகக் குழம்பிவிடும், எத்தனையோ விதவைகளிடம் பார்த்திருக்கிறேன். என்னை ஒரு தடவை அவரிடம் அழைத்துப் போங்கள். பொறுமையாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார். அவருடைய ஹார்ரோ பதினான்காம் ஆண்டே ஃபிளாண்டர்ஸில் இறந்துவிட்டார். என்னிடம் ஆதாரம் இருக்கிறது.