காற்றுக்காரனின் மகன்

டப் என்று ஒரு சத்தம். படம் நின்றுவிட்டது. ஜெனரேற்றரின் பட்டி அறுந்தால் அப்படித்தான் கேட்கும். எங்கள் கீரிக் கிராமத்தில் என்னிடம் படம் பார்த்த எல்லோருக்கும் அது பழக்கமான சத்தம். பட்டி மாற்றப் பத்து நிமிடம் பிடிக்கும். அன்றைக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைக்காமல் இருந்திருந்தால் இராமலிங்கம் இப்போதும் எங்காவது கிணறு வெட்டிக்கொண்டிருப்பான் என்று சில வேளை நினைப்பேன்.

காணாமல் போனவர்களை விசாரிக்க வந்த நீங்கள் அவனைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். பிடிபட்டவன் எங்கே என்று அவன் மனைவி ராக்கம்மா கொடுத்த மனுக்கள் உங்கள் மேசையில் இருக்கின்றன. பதினொன்றும் என் கையெழுத்து. ஓம், நான்தான் எழுதினேன். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் படத்திலிருந்து தொடங்கினால்தான் ஒழுங்காகச் சொல்ல வரும். படத்துக்கும் பிறகு நடந்ததுக்கும் சம்பந்தமில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் தியேட்டர் கிடையாது. என்னிடம் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் இருந்தன. கடற்கரையில் வலை வைக்கிற பழைய வாடி ஒன்றுக்குச் சாக்குக் கட்டி இருட்டாக்கினேன். பொழுதுபட்டால் ஊரடங்கு. ஆகவே ஞாயிறு பூசை முடிந்து, சனம் சாப்பிட்டு வந்த பிறகு படம் போடுவேன். இங்கிலீசுப் படமென்றால் பெட்டிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து நானே தமிழில் கதை சொல்வேன். எனக்கு இங்கிலீசு பெரிதாகத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. முகங்களைப் பார்த்தால் கதை தானாக வரும்.

நான் அதிகம் போட்டது ஒரு வான்வெளிப் படம். மூச்சுவிடக் காற்றில்லாத ஓர் உலகத்தில், கண்ணாடிக் கூடுகளுக்குள் சனம் வாழ்கிறது. கூடுகளுக்குக் காற்று குழாயில் போகும். குழாய்களைப் பூட்டித் திறக்கிற திறப்பு ஒருவன் கையில். பாதி முகம் வெந்தவன். சொல்வழி கேட்காத ஊருக்குக் காற்றைப் பூட்டிவிடுவான். காற்றுக்காரன் என்று நான்தான் அவனுக்குப் பெயர் வைத்தேன். கடைசியில் அவன் சாகிறான். சனத்துக்கு அது போதவில்லை. பிறகு என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதனால் அவனுக்கு ஒரு மகன் இருக்கிறான், ஒளித்து வளர்க்கிறார்கள், ஒருநாள் வருவான் என்று சேர்த்துவிட்டேன். மூன்று வருடத்தில் முப்பது தரமாவது அந்தப் படம் ஓடியிருக்கும். ஒவ்வொரு தரமும் மகன் கொஞ்சம் வளர்ந்தான். கரையில் பிள்ளைகள் அவனை வைத்து விளையாடினார்கள்.

இரண்டாயிரமாம் ஆண்டு அதன் அடுத்த படத்தின் கசெற் கொழும்பிலிருந்து வந்தது. பிந்தி எடுத்த படம், ஆனால் முந்தின கதை. அப்படியும் எடுப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும். பிந்தி வந்தது பிந்தின கதையாகத்தானே இருக்க வேணும். படத்தில் ஓர் இளவட்டம் குழாய்க்குள் தவழ்ந்து போய் ஓட்டை அடைக்கிறான். மகன் வந்துவிட்டான் என்றேன். வாடியே கை தட்டியது. பெரியவர்கள்கூடத் தட்டினார்கள். என் சீவியத்தில் அப்படியொரு கைதட்டலை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அரைமணி நேரத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. முதல் படத்தில் கிழவனாகச் செத்துப்போன வைத்தியன், இதில் கறுத்த தலைமயிரோடு நடந்து வந்தான். அவனை வைத்தியனின் தம்பி என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த நேரத்தில்தான் பட்டி அறுந்தது.

இராமலிங்கம் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து உயிலங்குளத்தில் குடியேறி, அங்கிருந்தும் இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் ஒதுங்கியவன். கூப்பிட்ட கூலிவேலைக்கு வருவான். சின்ன வயதில் ஒரு தோட்டத்துத் துரை வீட்டில் வளர்ந்து இங்கிலீசு பழகியிருக்கிறான். அது ஒருவருக்கும் தெரியாது. அவனிடம் யாரும் கேட்டதுமில்லை. அவன் பின்வரிசையில் எழும்பி நின்று, மிகவும் மரியாதையாகச் சொன்னான்.

"அண்ணே, தப்பா நெனைச்சுக்காதீங்க. இது மகன் இல்லீங்க. அதே காத்துக்காரருதான். அவரு எளவயசுல இருந்தப்ப நடந்த கதை இது."

வள்ளம் வைத்திருக்கிற யாகப்பர் மெல்லக் கனைத்தார்.

"அப்ப மரியதாஸ், இவ்வளவு காலமும் இல்லாத பிள்ளைக்கு எங்களைக் கொண்டு தாலாட்டுப் பாடுவிச்சனியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். ராக்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் புருசனின் சாரத்தைப் பிடித்து இழுத்து இருத்தினாள். நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் வரவில்லை.

பட்டி மாற்றிய பிறகு மிச்சக் கதையை இராமலிங்கமே சொல்லட்டும் என்றார்கள். அவன் கதிரையில் இருக்கவில்லை. பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து, சத்தம் உயர்த்தாமல் சொன்னான். முடிவில் அந்த இளவட்டம் மூச்சுக்குத் தவிக்கிற தன் தங்கச்சிக்குக் காற்றுப் போகவேண்டி ஒரு சின்னக் குழாயைப் பூட்டுகிறான். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தக் காற்றை நம்பி நாற்பது பேர். படம் அதோடு முடிந்தது.

ஊர் இரண்டாகப் பிரிந்தது அன்றைக்குத்தான். ஊரின் காற்றைப் பூட்டினவனுக்காக அழச் சொல்கிற படம் ஒரு படமா என்று யாகப்பரின் ஆட்கள் கேட்டார்கள். கெட்டவன் தொட்டிலிலேயே கெட்டவனாக இருந்தால்தான் கதை என்பது அவர்கள் கட்சி. மற்றக் கட்சிக்கு, கரையில் மீன் காயப்போடுகிற செபஸ்தியம்மா. அழுது முகம் வீங்கிப்போய், ஒருத்தரும் வயிற்றுக்குள்ளிருந்து திறப்போடு வரவில்லை என்று கிணற்றடியில் வழக்காடினாள். இரண்டு கிழமையாகக் கரையில் மீன் பிரிக்கும்போதும் இதே பேச்சு. ஒரு விசயத்தில் மட்டும் இரண்டு கட்சியும் ஒற்றுமை. அடுத்த ஞாயிறு அதே படம் வேணும், கதிரையில் இராமலிங்கம் இருக்க வேணும். நானே கதிரையைத் துடைத்துக் கொடுத்தேன்.

ஆனால் நீங்களும் யோசித்துப் பாருங்கள். ஒரு கூலியாளுக்கு இங்கிலீசு எதற்கு? தெரிந்ததை ஏன் இத்தனை காலம் மறைத்தான்? எங்களிடம் வருமுன் இரண்டு இடத்தில் குடியிருந்தவனுக்கு எத்தனை பேரோடு பழக்கம் இருக்கும்? யுத்த காலத்தில் பொறுப்புள்ள எவனும் இதையெல்லாம் யோசிப்பான். நான் யோசித்தேன். அவ்வளவுதான்.

மூன்றாம் கிழமை றோட்டில் கண்ணிவெடி வெடித்து இரண்டு ஆமிக்காரர் செத்தார்கள். மறுநாள் விடியச் சுற்றிவளைப்பு. நான் கசெற் காட்டி அனுமதி வாங்கக் கிழமைக்கொரு தரம் ஆமிக் காம்புக்குப் போகிறவன். சிங்களம் எழுதப் பேசத் தெரிந்தவன். ஊரில் உனக்குத் தெரியாத முகம் இருக்காதே என்று காம்பின் பெரிய அதிகாரி சிரித்துக்கொண்டு கேட்டார். என்னை ஒருவரும் அடிக்கவில்லை. இஞ்சி போட்ட பிளேன்ரீ தந்தார்கள். பிறகு கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டின கோதுமை மாச்சாக்கு ஒன்றைத் தந்தார்கள்.

தலையாட்டி என்று எங்கள் ஆட்கள் சொல்வது அதைத்தான். ஜீப்புக்குள் சாக்குப் போட்ட ஒருவன் இருப்பான். ஆண்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து நிற்பார்கள். தலை ஆடினால் ஆளை ஏற்றுவார்கள். சாக்குக்குள் யார் என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். அதில் கிட்டத்தட்ட எல்லோரையும் நான் போகவிட்டேன். யாகப்பரைக்கூட விட்டேன். இதை எந்த மனுவிலும் ஒருவரும் எழுதுவதில்லை.

மூன்று பேருக்குத்தான் ஆட்டினேன். ஒருவனுக்கு மட்டும் ஆட்டினால் ஊர் யோசிக்கும். அதனால் அவனுக்கு முன்னால் நின்றவனுக்கும் பின்னால் நின்றவனுக்கும் ஆட்டினேன். முன்னால் நின்றது சீவரத்தினம், மரக்கறி விற்கிறவர். நல்ல மனிசன். பின்னால் நின்றவன் மீன் வாங்க வந்த வெளியூரான். பெயர் எனக்குத் தெரியாது. உங்கள் பட்டியலில் இருந்தால் சொல்லுங்கோ, கேட்டு வைக்கிறேன்.

ராக்கம்மா மூன்றாம் நாளே என்னிடம் வந்தாள். சிங்களத்தில் மனு எழுத அவளுக்கு வேறு ஆளில்லை. நான் எழுதிக் கொடுத்தேன். பிடித்த திகதியை ஒருநாள் முந்திப் போட்டேன். அன்றைக்குச் சுற்றிவளைப்பு நடக்கவில்லை. ஆகவே அப்படி ஒருவரையும் அன்று கைது செய்யவில்லை என்று பதில் வந்தது. பதிலையும் நானே வாசித்துக் காட்டினேன். பிறகு எழுதிய பத்து மனுவிலும் அதே திகதியைத்தான் போட்டேன். மாற்றி எழுதினால் அவள் பொய் சொல்கிறாள் என்று நினைத்துவிடுவார்கள் அல்லவா. ஒவ்வொரு தரமும் ஒரு பையில் முட்டை கொண்டு வருவாள். வேண்டாம் என்பேன். வைத்துவிட்டுப் போவாள்.

இப்போது சமாதானம், பாதை திறந்திருக்கிறது, நீங்கள் வந்து திகதியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். நல்லது. ஆனால் இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கோ. நான் ஒரு படத்துக்காக ஆளைக் காட்டிக் கொடுக்கிறவன் இல்லை. நாட்டு நிலைமை அப்படி இருந்தது. பயம் இருந்தது. சந்தேகம் இருந்தது. தனிப்பட்ட பகை எங்களுக்குள் ஒன்றும் இருந்ததில்லை. அவன் மனதிலும் அப்படி ஒரு நினைப்பு இருந்திருக்காது.

கடைசியாக அவன் ஏதாவது சொன்னானா என்று கேட்கிறீர்கள். இது உங்கள் கேள்வியல்ல, ராக்கம்மாவின் கேள்வி. என்னிடமும் கேட்டிருக்கிறாள். யாராவது கண்டவர்கள் சொன்னால் எனக்குச் சொல்லுங்கண்ணே என்று. நான் ஒன்றும் தெரியாதென்று சொல்லிவிட்டேன்.

சொன்னான். ஜீப்புக்கு முன்னால் வந்து நின்றவன் சாக்கின் ஓட்டைகளையே பார்த்தான். இரண்டு முழத் தூரம்தான் இருக்கும். அவன் முகம் மாறியது. பக்கத்தில் நின்ற ஆமிக்காரனுக்குத் தமிழ் தெரியாது. நான் தலையை ஆட்ட முந்தி, அவன் கையைக் கூப்பிக்கொண்டு கொஞ்சம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னான்.

"அது மகன்தாண்ணே. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."