கட்டைவிரல் உயரும் வரை

கற்றோரும் உழைப்போரும் கலந்து நிற்கும் இந்த அவைக்குத் தலைமை தாங்கும், வானத்தை ஆண்ட விமானி ஐயா அற்புதராஜ் அவர்களே! முன்வரிசையில் கூச்சத்தோடு அமர்ந்திருக்கும் விமானப்படை மெக்கானிக், பேரிகை மண்ணின் மைந்தர் ஐயா முனிசாமி அவர்களே! சான்றோர்களே! ஷிப்டு முடித்துக் கண் எரிய எரிய வந்திருக்கும் தோழர்களே! பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் தாய்மார்களே! தமிழோ, கன்னடமோ, தெலுங்கோ, எது பேசினாலும் ஒரே பஸ்ஸில் இடித்துக்கொண்டு வேலைக்குப் போகும் என் ஓசூர் மக்களே! வண்டி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பொற்கொடி, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

என் பின்னால் துணி போர்த்தி நிற்கிறதே, அது என்ன? "தேரு" என்கிறார் ஒருவர். தேரேதான் ஐயா! வானத்தில் ஓடிய தேர்! 'நாட்' என்னும் போர் விமானம். நாட் என்றால் கடிக்கும் சிறு பூச்சி. நம் பேரிகை பஸ்ஸின் நீளம்கூட இருக்காது. பக்கத்துப் பெங்களூரில், நம்மைப் போன்ற தொழிலாளர் கைகள் முடுக்கிய உடம்பு! அறுபத்தைந்தாம் ஆண்டுப் போரில், தன்னைவிடப் பெரிய பாகிஸ்தான் சேபர் விமானங்களை விரட்டி, 'சேபரின் எமன்' என்று பேரெடுத்த இனம்! கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? இதன் இறக்கையை முதன்முதலில் தொட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, அழுதும்விட்டேன்.

"ஜோராகி ஹேளி அக்கா!" என்கிறார் பின்வரிசையில் ஒருவர். குரல் போதவில்லையா? சரி, ஜோராகவே சொல்கிறேன்!

எழுபத்தொன்றாம் ஆண்டு டிசம்பர். வடக்கே ஒரு விமானத் தளம். போர் மூண்டுவிட்டது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. கருவிகள் எல்லாம் ஒரு பலகையில் தொங்கும். ஸ்பேனரை எடுத்தால் அந்தக் கொக்கியில் உங்கள் பேர் பொறித்த பித்தளை வில்லையை மாட்ட வேண்டும். ஸ்பேனரைத் திருப்பி வைத்தால்தான் வில்லையை எடுக்கலாம். எதற்கு? மறந்துபோன ஒரு சின்ன ஸ்பேனர் விமானத்துக்குள் உருண்டு, திருப்பும் கம்பியில் சிக்கினால் போதும். எதிரி எதற்கு? குண்டு எதற்கு?

அற்புதராஜ் ஐயா விமானத்துக்குள் ஏறிவிட்டார். எல்லாம் சரி, போகலாம் என்று முனிசாமி ஐயா கட்டைவிரலை உயர்த்திவிட்டார். விமானம் உருளத் தொடங்கிவிட்டது. திரும்பிப் பலகையைப் பார்க்கிறார். தன் வில்லை தொங்குகிறது!

ஓடினார்! காது கிழியும் சத்தத்தில், கையை ஆட்டிக்கொண்டு, விமானத்துக்கு எதிரே போய் நின்றார்! போர் நேரத்தில், புறப்பட்ட போர் விமானத்தை ஒரு மெக்கானிக் மறிக்கிறார். தண்டனை என்னவென்று அவருக்குத் தெரியாதா? தெரியும். நின்றார்!

மற்ற விமானங்கள் பறந்துவிட்டன. இதை மட்டும் பிரித்துத் தேடினார்கள். இல்லை. இருக்கையைக் கழற்றினார்கள். இல்லை. கடைசியில் எங்கே இருந்தது தெரியுமா? முனிசாமி ஐயாவின் சாக்ஸுக்குள்! ஏணியில் இறங்கும்போது கை ஒழியவில்லை என்று செருகியிருக்கிறார். சிரியுங்கள், சிரியுங்கள், அவரே சிரிக்கிறார் பாருங்கள்! "ஓடசொல்ல கால்ல என்னமோ இடிச்சிது, கல்லுன்னு நெனச்சிக்கினேன்" என்றாராம்!

அன்று யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி கொதித்தார். "ஒன் கால்ல இருந்த சாமானுக்கா பிளேனை நிறுத்தின?" அப்போது, இறங்கி ஓரமாக நின்றிருந்த விமானி முன்னால் வந்தார். விமானி கேட்டது ஒரே கேள்வி.

"நாளைக்கும் இதே சந்தேகம் வந்தா என்ன பண்ணுவ?"

"நிறுத்துவேன் சார். சாமான் கைக்கு வர்ற வரைக்கும் உங்கள விடமாட்டேன்."

விமானி அதிகாரியிடம் திரும்பினார். "இனிமே என் விமானத்தை இவர்தான் பார்க்கணும் சார். வேற யாரும் வேணாம்."

அன்பர்களே! வீரம் என்பது பறப்பது மட்டுமா? பறக்காதே என்று தடுப்பதும் வீரம் இல்லையா? ஒரு போல்ட் தளர்ந்தது தெரிந்தும், லைன் நின்றால் சூப்பர்வைசர் திட்டுவாரே என்று வாயை மூடிக்கொள்கிறோமே, அந்த வண்டியில் போவது யார் வீட்டுப் பிள்ளை? நிறுத்துங்கள்! உங்கள் சந்தேகம் பொய்யாகவே போகட்டும், ஊரே சிரிக்கட்டும், நிறுத்துங்கள்!

விமானத்தைத் திறந்துவைக்க விமானி ஐயாவை அழைத்தோம். அவர் சொன்னார்: "அன்னையிலேருந்து முனிசாமி கட்டைவிரல் காட்டாம நான் எந்த விமானத்தையும் கெளப்பினதில்லம்மா. இன்னைக்கு மட்டும் தொடுவேனா?"

அதோ, கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார். முனிசாமி ஐயா, வாருங்கள்! வழி விடுங்கள் தாயே! துணியைத் தூக்கிச் சக்கரத்தைப் பார்க்கிறார். இதை இங்கே நிறுத்திய நம் பிட்டர் கமலக்கண்ணனிடம் ஏதோ கேட்கிறார். என்ன ஐயா? "போல்ட் முடுக்கின ஸ்பேனர் எங்க?" என்கிறார்! காட்டு கமலக்கண்ணா! காட்டிவிட்டார். இன்னும் விரல் உயரவில்லை. குனிகிறார். செருப்புதான் போட்டிருக்கிறார், ஆனாலும் தன் கணுக்காலைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார்!

பொறுங்கள், கைதட்டாதீர்கள். அவர் பார்த்து முடிக்கட்டும்.

உயர்ந்தது கட்டைவிரல்! இழுங்கள் ஐயா கயிற்றை!

பார்த்த கண்களுக்கும் பொறுத்த கால்களுக்கும் என் நன்றி. எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்!