வளைந்த ரிம்

பாடி போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"அந்த மெக்கானிக் நல்லா இருக்கணும்க்கா."

"டயர் மாத்தறேன்னு நெம்பி, உன் ஊட்டுக்காரர் வண்டி ரிம்மையே வளைச்சானே, அவனா?"

"அவனேதான். வண்டி இல்லாம அவரும் இப்ப சீக்கிரமே கெளம்பி என்கூட பஸ்ஸுக்கு வர்றாரு. கள்ளிக்குப்பத்துலேர்ந்து ஸ்டாப்பு வரைக்கும் தெனம் ரெண்டு பேரும் பேசிக்கினே நடக்கிறோம். இல்லாங்காட்டி, ஷிப்ட் ஷிப்ட்னு மூஞ்சியே பாக்க முடியாது."

"வண்டி எப்ப வருமாம்?"

"புது ரிம் போட்டாச்சுன்னு நேத்தே போன் வந்துச்சு. அவரு வேலை பாக்கிற ஆவடி ஃபேக்டரி உள்ள போன் எடுத்துனு போகக் கூடாதே, அதான் என் நம்பரைக் குடுத்திருந்தாரு."

"அவராண்ட சொன்னியா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒரு வாரம் கழிச்சு குடுண்ணான்னு மெக்கானிக்காண்ட சொல்லிட்டேன்."

மற்றவள் சிரிக்கவில்லை.

"ஒரு வாரம் போதுமாடி?"